இதுல எது நீயி, அம்மிணி?

கட்டடங்களுக்கு வரைபடம் போடுவது என் வேலை. கேரள எல்லைக்குள் இருக்கும் வடகரப்பதியில், தென்னந்தோப்புக்குள் இருக்கும் எங்கள் வீட்டின் முன்னறையில் ஒரு பெரிய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, கோயமுத்தூர்க்காரர்களுக்கும் பாலக்காட்டுக்காரர்களுக்கும் வீடு, கடை, மண்டபம் என்று வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா போன பிறகு அந்த வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். அப்படி இருக்கும்போது மறையூருக்கு மேலே மலைச்சரிவில் சுற்றுலாக் குடில்கள் கட்டும் வேலை ஒன்று வந்தது. சரிவில் கட்டுகிற கட்டடத்தைக் கீழே உட்கார்ந்து வரைய முடியாது, கொஞ்ச நாள் இங்கேயே வந்து தங்கிவிடுங்கள் என்றார் ஒப்பந்தக்காரர். அப்பாவும் போய் வா என்றார்.

சிக்கல் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. நான் வரையும் மென்பொருளுக்கு அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டுமே உரிமம். அதைத் தூக்கிக்கொண்டு மலையேறவும் பயமாக இருந்தது. அங்கே சைட் ஆபீஸ் என்று அவர்கள் சொன்னது தகரக் கூரை போட்ட ஓர் அறை. சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும், கரண்டு வருவதும் போவதும் மழையின் விருப்பம். எனவே மலையில் ஒரு சிறிய லேப்டாப்பை வைத்துக்கொண்டு, வீட்டுக் கம்ப்யூட்டரை அங்கிருந்தே இயக்கலாம் என்று முடிவு செய்தேன்.

எங்கள் பக்கம் இன்டர்நெட் கொடுக்கும் கேபிள்காரரைக் கூப்பிட்டேன். பாலக்காட்டுச் சித்தூரில் சின்ன ஆபீஸ் வைத்திருக்கிறவர். வந்து ரூட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்க ஊட்டுல இருந்து வெளிய போறது சுலபமுங்க. வெளிய இருந்து உள்ள வாரதுக்குத்தான் வழி இல்லை. ரூட்டர் உடாது. அதுபோக எங்க லைன்ல இருக்கற அத்தன ஊட்டுக்கும் வெளியில ஒரே அட்ரஸ்தானுங்க. உங்களுக்குன்னு தனி அட்ரஸ் ஒண்ணு வாங்கித் தர்றேன். பொறகு ரூட்டர்ல ஒரு கதவத் தொறந்து உட்டாப் போதும்."

"கதவுன்னா, வேற ஆராச்சும் வந்துட மாட்டாங்களா?"

"அதுக்குத்தான் பாஸ்வேர்டு இருக்குதுங்களே" என்று சிரித்தார்.

அவரே ஒரு புரோகிராமைப் போட்டுக் கொடுத்தார். வீட்டுத் திரையில் என்ன இருக்கிறதோ அது அப்படியே என் லேப்டாப்பில் தெரியும். நான் இங்கே மவுஸை நகர்த்தினால் அங்கே அம்புக்குறி நகரும். நான் தட்டினால் அங்கே எழுத்து விழும். அங்கே யாராவது உட்கார்ந்திருந்தால் அவர்களும் அதே நேரத்தில் அதே திரையைப் பார்க்கலாம். ஏதோ வயசான புரோகிராம், ஆனால் லேசாக ஓடியது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அப்பாவுக்குக் காது மந்தம். போன் மணி அடித்தால் கேட்காது, எடுத்தாலும் பாதிப் பேச்சு காற்றில் போய்விடும். மலைக்குப் போன புதிதில் நான் தொண்டை கிழியக் கத்துவேன், அவர் "ஆங்? ஆங்?" என்பார், பிறகு இருவரும் சோர்ந்து வைத்துவிடுவோம். வைத்த பிறகு சைட்டில் இருக்கும் எல்லோருக்கும் எங்கள் வீட்டு விஷயம் தெரிந்திருக்கும்.

ஒரு நாள் காலை நான் வரைந்துகொண்டிருக்கும்போது வீட்டுத் திரையில் அம்புக்குறி லேசாக இடம் மாறியது. அங்கே அப்பா மவுஸைத் தொட்டிருந்தார். நான் வரைபடத்தைச் சுருக்கிவிட்டு நோட்பேடைத் திறந்து, "அப்பா, சாப்புட்டீங்களா?" என்று தமிழில் தட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒவ்வோர் எழுத்தாக, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே ஒருவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொள்ளும் நேரம் விட்டு, பதில் வந்தது. "ஆச்சு. நீயி?"

அடுத்த முறை ஊருக்குப் போனபோது விசைப்பலகையில் தமிழ் எழுத்துகளை ஒட்டிக் கொடுத்தேன். அதிலிருந்து அப்பாவுக்கு அது ஒரு பழக்கமானது. அம்புக்குறி தானாக நகர ஆரம்பித்தால், "அம்மிணி வந்துட்டா" என்று டீ டம்ளரோடு வந்து எதிரே உட்கார்ந்துகொள்வாராம். நான் கோடு போடுவதையும் அழிப்பதையும் பார்த்துக்கொண்டே இருப்பார். நான் வேலையை முடிக்கிற வரைக்கும் குறுக்கே மவுஸைத் தொடமாட்டார். கடைசியில் நோட்பேடில் இரண்டு வரி, மூன்று வரி பேசிக்கொள்வோம். தேங்காய் போட ஆள் வந்தது, நாய் எதையோ விரட்டிக்கொண்டு ஓடியது, மோட்டாரின் காயில் எரிந்துபோனது. எழுதியதை அவர் அழிப்பதில்லை. கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது.

மலையில் என்னோடு ஓர் அறையில் தங்கியிருந்தவள் சைட் சூப்பர்வைசர். மூணாறு எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய அம்மா இன்னும் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறாள். என்னைவிட இளையவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். நான் லேப்டாப்பில் வேலை செய்யும்போது பின்னால் வந்து நின்று பார்ப்பாள்.

"யக்கா, இங்கன இருந்துக்கிட்டு அங்கன உள்ளத நோண்டுதீங்க. பாக்கவே ஒரு மாதிரி இருக்கு. ஆவி எறங்குன மாதிரி."

"சும்மா இரு" என்றேன்.

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. பகலிலேயே மேகம் இறங்கிச் சன்னலை மூடிவிடும். எதிர்ச்சரிவில் நிற்கும் ஜேசிபி தெரியாது, அதன் சத்தம் மட்டும் கேட்கும். வேலையும் நெருக்கியது. பல நாட்கள் நான் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் போய் வரைபடத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுவேன். நோட்பேடைத் திறக்க நேரம் இருக்காது.

அந்த நாட்களில்தான் அப்பா எழுதுவது எனக்குப் புரியாமல் போக ஆரம்பித்தது.

ஒரு நாள், "நீ சொன்னாப்பல வெந்நீர்ல உப்புப் போட்டு ஒத்தடம் குடுத்தேன். முட்டி தேவலை" என்று எழுதினார். நான் அப்படி எதுவும் சொல்லவில்லை. யாரோ சொன்னதை என் பெயரில் நினைத்துக்கொண்டார் என்று விட்டுவிட்டேன். இன்னொரு நாள், "கேமராத் துணிய எடுத்துட்டேன். நல்லாத் தெரியறனா?" என்றார். திரைக்கு மேலே ஒரு சிறிய கேமரா உண்டு. வாடிக்கையாளர்களோடு பேசுவதற்காக வாங்கியது. வேலை இல்லாத நேரத்தில் அதன் மேல் ஒரு துண்டுத் துணியைப் போட்டு வைப்பேன். அவர் ஏன் அதை எடுத்தார் என்று கேட்டேன். "நீதான எடுக்கச் சொன்னே" என்று வந்தது.

அன்று மாலை நான் சூப்பர்வைசரிடம் சொன்னேன். "அப்பாவுக்கு ஞாபகம் தடுமாறுது போல. நடக்காததையெல்லாம் நடந்ததா எழுதறாரு."

அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "வயசானா அப்பிடித்தான்க்கா ஆரம்பிக்கும். எங்க தாத்தா செத்துப்போன மாட்டுக்குப் புல்லறுக்கப் போவாரு."

டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பாலக்காட்டில் யாரைப் பார்ப்பது என்றெல்லாம் விசாரிக்கத் தொடங்கினேன். அப்பாவிடம் எழுதும்போதுகூட, குழந்தைக்கு எழுதுவதுபோல எளிய கேள்வியாகக் கேட்டேன். இன்றைக்கு என்ன கிழமை, காலையில் என்ன சாப்பிட்டீர்கள். அவர் சரியாகத்தான் பதில் சொன்னார். ஒருமுறை, "என்ன அம்மிணி, பள்ளிக்கூடத்து வாத்தியாராட்டக் கேக்கற" என்றுகூட எழுதினார்.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. காலையிலிருந்தே மழை கொட்டியதால் சைட்டில் வேலையை நிறுத்திவிட்டார்கள். வழக்கமாக அந்த நேரத்தில் நான் வெளியே சரிவில் நின்றுகொண்டிருப்பேன். அன்று சும்மா இருந்ததால் லேப்டாப்பைத் திறந்து வீட்டுக்குள் போனேன்.

திரையில் நோட்பேட் திறந்திருந்தது. அதில் எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன.

முதலில் அப்பாதான் எழுதுகிறார் என்று நினைத்தேன். பிறகுதான் வேகம் உறைத்தது. அப்பாவால் அப்படித் தட்ட முடியாது. நான் விசைப்பலகையிலிருந்து கைகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். எழுத்துகள் நிற்கவில்லை.

"நாளைக்கு ஊட்டுக்கு வர்றேன் அப்பா. கூட வேலை செய்யறவங்க ரெண்டு பேரும் வர்றாங்க. அவங்களுக்கு நாய்னா பயம். நாயைப் பின்னாடி கட்டிப் போட்டுருங்க. பக்கத்துத் தோட்டத்துல ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

ஓர் இடைவெளி. அப்புறம் எனக்குப் பழக்கமான அந்த மெதுவான தட்டல்.

"சரி அம்மிணி. கோழி அடிக்கட்டுமா?"

வேலை அவசரத்தில் அதுவரை கடைசி வரியை மட்டுமே படித்து வந்தவள், பக்கத்தை மேலே நகர்த்திப் பார்த்தேன். நான் எழுதியதற்கும் அவர் எழுதியதற்கும் நடுவே, பக்கம் பக்கமாக, நான் எழுதாதது இருந்தது. ஆரம்பத்தில் அந்த எழுத்து புத்தகத் தமிழாக இருந்தது. "அப்பா, நலமாக இருக்கிறீர்களா? உணவு உண்டீர்களா?" என்று. அதற்கு அப்பா, "என்ன கண்ணு, ஆபீசுத் தமிழ்ல எழுதற" என்று கேட்டிருந்தார். அதற்குப் பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக மாறியிருந்தது. சாப்பிட்டீர்களா, சாப்பிட்டீங்களா, பிறகு சாப்புட்டீங்களா. மேலே நான் எழுதியிருந்ததைப் பார்த்துப் பார்த்து என்னைப் போல எழுதப் பழகியிருந்தது. முட்டி வலியை விசாரித்திருந்தது. ராத்திரி தூக்கம் வருகிறதா என்று கேட்டிருந்தது. அம்மாவை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறதா என்று கேட்டிருந்தது. அதற்கு அப்பா எழுதியிருந்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை. என்னிடம் அவர் ஒருநாளும் அவ்வளவு பேசியதில்லை. நடுநடுவே வேறு கேள்விகள். தோட்டத்துக்கு எப்போது போவீர்கள். பின்கதவுத் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா. நாய் புது ஆளைக் கடிக்குமா.

"நீ வளத்த நாயி உன்னையவே கடிக்குமா" என்று அப்பா அதற்குப் பதில் எழுதியிருந்தார்.

சூப்பர்வைசர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். "என்னக்கா?"

நான் திரையைக் காட்டினேன். அவள் குனிந்து படித்தாள். "இது யாரு எழுதுதா?"

"நான் இல்லை."

நான் நோட்பேடின் கடைசி வரிக்கு வந்து தட்டினேன். "அப்பா, இது நானு. இத்தனை நாளா உங்ககிட்டப் பேசினது நான் இல்லை. கம்ப்யூட்டர நிறுத்துங்க. இப்பவே நிறுத்துங்க."

திரை அப்படியே நின்றது. பிறகு என் வரியின் கடைசி எழுத்து மறைந்தது. அதற்கு முந்தைய எழுத்து மறைந்தது. யாரோ என் வாக்கியத்தைப் பின்னாலிருந்து முன்னால் அழித்துக்கொண்டே வந்தார்கள், அவசரமே இல்லாமல். அழித்துவிட்டு அந்த இடத்தில் எழுதினார்கள்: "பயப்படாதீங்கப்பா. ஆரோ நம்ம கம்ப்யூட்டருக்குள்ள வந்துட்டாங்க. அவங்க சொல்றத நம்பாதீங்க. நான் இருக்கேன்."

சூப்பர்வைசர் என் தோளை இறுகப் பிடித்தாள். நான் மறுபடியும் எழுதினேன். அது மறுபடியும் அழிந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தட்டியதில் எழுத்துகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து அர்த்தமில்லாமல் கிடந்தன. அந்தக் குப்பைக்கு நடுவே அப்பாவின் தட்டல் வந்தது.

"ரெண்டு பேரு எழுதறாப்பல இருக்குது. இதுல எது நீயி, அம்மிணி?"

நான் பதில் எழுதத் தொடங்குவதற்குள் திரையில் கேமரா தானாகத் திறந்தது. எங்கள் முன்னறை தெரிந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தபடி அப்பா. அவருக்குப் பின்னால் சமையலறை, அதற்கும் பின்னால் திறந்து கிடந்த பின்கதவு, வெளிச்சம். அந்தப் படத்தை நான் திறக்கவில்லை. வேறு யாரோ அவரைப் பார்க்கிறார்கள், அவர்கள் பார்ப்பதை நான் பார்க்கிறேன். பிறகு என் லேப்டாப் திரை வெள்ளையானது. மறுபடி இணைத்தேன். பாஸ்வேர்டு தவறு என்று வந்தது. என் வீட்டுக் கதவுக்கு வேறு பூட்டைப் போட்டுவிட்டார்கள்.

அப்பாவின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பாவைக் கூப்பிட்டேன். அவர் குடும்பத்தோடு பழனிக்குப் போயிருந்தார், நாளை மதியம்தான் வருவாராம். போலீஸ் ஸ்டேஷனில், நேரில் வந்து எழுதிக் கொடுங்கள் என்று வைத்துவிட்டார்கள். கேபிள்காரரைக் கூப்பிட்டேன். நான் சொன்னதை அவர் முழுதாகக் கேட்கக்கூட இல்லை.

"வெச்சுருங்க, மொதல்ல லைன அறுத்து உடறேன்" என்றார். கொஞ்ச நேரத்தில் திரும்ப அழைத்தார். "ஆபீசுல பையன்கிட்டச் சொல்லி நிறுத்திட்டனுங்க. இனி ஆரும் உள்ள போக முடியாது. ஆனா, என்னுங்க நடந்துது?"

"நாளைக்கு ஊட்டுக்கு வர்றேன்னு எழுதியிருக்காங்க."

"நான் கோட்டயத்துல ஒரு கல்யாணத்துக்கு வந்துட்டனுங்க. பையன்தான் ஆபீசுல இருக்கறான். இல்லீனா நானே ஊட்டுக்குப் போயிருவேன்" என்றார். அவர் குரலில் இருந்த பயம் என் பயத்தை உறுதி செய்தது.

சூப்பர்வைசர் அதற்குள் ஜீப்புக்குச் சொல்லிவிட்டாள். "கெளம்புங்கக்கா. நானும் வாரேன். ஒத்தையில விட மாட்டேன்."

மறையூரிலிருந்து சின்னாறு காடு வழியாக உடுமலைக்கு இறங்கும் பாதையில் பாதிக்கு மேல் சிக்னல் கிடையாது. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். மலையின் இந்தப் பக்கம் மழை, அந்தப் பக்கம் இறங்க இறங்க வறண்ட காடு, முள்மரங்கள், வெயில். ஒரு வளைவில் வண்டிகள் வரிசையாக நின்றன. முன்னால் யானை நிற்கிறது என்றார்கள். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. எஞ்சின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். "போயிரும்க்கா, போயிரும்" என்று சூப்பர்வைசர் மெல்லச் சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கோ யானை நினைவே இல்லை. நாளைக்கு என்று எழுதியவர்கள், நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்த பிறகும் நாளை வரைக்கும் காத்திருப்பார்களா என்பதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உடுமலை, பொள்ளாச்சி தாண்டி, வேலந்தாவளம் வழியாக எங்கள் தோப்புக்குள் ஜீப் நுழைந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நாய் குரைத்து ஓடி வரவில்லை. அது வராத வீட்டை நான் பார்த்ததே இல்லை. ஜீப் நிற்பதற்கு முன்பே குதித்து ஓடினேன்.

அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் சுண்ணாம்பு மட்டை. முன்சுவரின் கீழ்ப்பகுதிக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கே வந்துட்டயா? நாளைக்குன்னு அல்லோ எழுதியிருந்தே" என்றார். பிறகு சூப்பர்வைசரைப் பார்த்து, "இவங்கதானா கூட வேலை செய்யறவங்க? வாங்க, வாங்க. நாயைக் கட்டியாச்சுங்க, பயப்படாதீங்க."

நான் "அப்பா" என்று கூப்பிட்டபடி அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவர் சுண்ணாம்புக் கையை அகற்றிப் பிடித்தபடி நின்றார், என் துணியில் பட்டுவிடக் கூடாதென்று. பின்னால் மாட்டுத்தொழுவத்துத் தூணில் கட்டிக் கிடந்த நாய் அப்போதுதான் என் குரலைக் கேட்டு ஊளையிட்டது.

உள்ளே போனதும் முதல் வேலையாக ரூட்டரின் வயரைப் பிடுங்கினேன். கம்ப்யூட்டரின் வயரையும் பிடுங்கினேன். பிறகு அப்பாவின் எதிரே உட்கார்ந்து, காதருகே வாயை வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்பொ, முட்டிக்கு ஒத்தடம் குடுக்கச் சொன்னது?"

"நான் இல்லீங்கப்பா."

"உங்கம்மா பத்திக் கேட்டது?"

"நான் இல்லை."

அவர் இருட்டிக் கிடந்த திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நெசமா நீ இல்லையா?" என்று இன்னொரு முறை கேட்டார். முகம் வாடிப் போனது. ஏமாந்த கோபத்தைவிட வேறேதோ அந்த முகத்தில் அதிகம் இருந்தது. "தெனமும் வந்து பேசுச்சு, அம்மிணி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் வீட்டிலேயே இருந்தோம். நாயை அவிழ்த்துவிட்டேன். வெளிகேட்டுக்குப் பூட்டுப் போட்டேன். அப்பா குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தார். எதற்காகச் சட்டை மாற்றினார் என்று நான் கேட்கவில்லை. சூப்பர்வைசர் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே சன்னலையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முற்பகலில் ஒரு பைக் வந்தது. இரண்டு பேர். கேட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள், எஞ்சினை அணைக்கவில்லை. நாய் கேட்டில் பாய்ந்து குரைத்தது. பின்னால் இருந்தவன் இறங்கி வந்தான். வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி, எங்கள் பக்கத்தில் யாரும் இருக்கிற மாதிரிதான் இருந்தான். நான் வாசலுக்குப் போனேன். சூப்பர்வைசர் அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டே எனக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்க, மாடு விக்கறதுக்கு இருக்குதுங்களா? வேலந்தாவளம் சந்தைக்குப் புடிக்கறமுங்க."

"எங்ககிட்ட மாடே இல்லீங்க. குடுத்து வருசமாச்சு."

அவன் தொழுவத்தைப் பார்க்கவில்லை. என்னையும் அவளையும் பார்த்தான், திறந்திருந்த கதவுக்குள் பார்த்தான், பிறகு நாயைப் பார்த்தான்.

"நாயக் கட்டறதில்லீங்களா?" என்றான்.

நான் நாயை அடக்காமல் நின்றேன். அவன் சிரித்துவிட்டுப் பைக்கில் ஏறினான். வண்டி தோப்புப் பாதையில் போய் மறைந்த பிறகும் அதன் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

மாடு பிடிக்கிற தரகர்கள் எங்கள் பக்கம் எப்போதும் சுற்றுகிறவர்கள்தான். குரைக்கிற நாயைப் பார்த்தால் யாரும் கேட்கிற கேள்விதான் அது. இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று வேறு யாரும் வரவில்லை என்பது மட்டும்தான் தெரியும். மதியம் பெரியப்பா வீட்டார் திரும்பி வந்து, செய்தி கேட்டு, ஆளாளுக்கு எங்கள் வாசலில் வந்து நின்ற பிறகுதான் நான் ஒரு வாய் சோறு சாப்பிட்டேன்.

பாலக்காட்டில் சைபர் போலீஸில் புகார் கொடுத்தோம். கம்ப்யூட்டரையும் கொண்டுபோய்க் கொடுத்தோம். அங்கே இருந்த அதிகாரி பொறுமையானவர். மலையாளத்திலேயே பேசினார். எழுதியவன் தமிழ் தெரிந்தவன், எங்கள் பக்கத்து ஆள்தான், அவனுடைய பேச்சிலேயே தெரிகிறது என்று நான் அடித்துச் சொன்னேன். அவர் தலையாட்டவில்லை.

"இப்போள் ஏது பாஷயும் ஆர்க்கும் எழுதாம்" என்றார். இப்போது எந்த மொழியையும் யாரும் எழுதலாம், எழுதிக் கொடுக்க மெஷின் இருக்கிறது. உலகத்தின் எந்த மூலையில் இருக்கிறவனும் உங்கள் அப்பாவிடம் உங்களைப் போலப் பேசலாம். திறந்து கிடக்கும் கதவுகளைத் தேடிக்கொண்டே நாள் முழுக்க ஓடுகிற புரோகிராம்கள் இருக்கின்றன, உங்கள் பழைய புரோகிராம் அவற்றுக்கு ஒரு நிமிட வேலை என்று விளக்கினார். இணைப்பு வந்த இடம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நாடாகக் காட்டியதாம். அதை நம்ப முடியாது என்றும் அவரே சொன்னார்.

"அப்படீன்னா பின்கதவப் பத்தி ஏன் சார் கேக்கோணும்? நாயைப் பத்தி ஏன் கேக்கோணும்? வெளிநாட்டுல இருக்கறவனுக்கு அது எதுக்கு?"

"அதாணு எனிக்கும் மனசிலாகாத்தது" என்றார்.

எனக்குப் புரியாததுதான் அவருக்கும் புரியவில்லை. அதைக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தோம். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு அப்பா, "மெஷினு எழுதியிருந்தா, அதுக்கு எம் முட்டி வலிச்சா என்ன, வலிக்காட்டி என்ன?" என்று கேட்டார். நான் அவர் முட்டியில் இடிக்காமல் பையை என் மடிக்கு எடுத்துக்கொண்டேன்.

போலீஸ் திருப்பிக் கொடுத்த பிறகு கம்ப்யூட்டரைத் துடைத்துச் சுத்தம் செய்து, நனையாமல் மூடிக் கட்டி மலைக்கே கொண்டுபோனேன். ஈரத்துக்குப் பயந்து அதற்கு ஒரு மரப்பெட்டி செய்தோம். வீட்டில் ரூட்டர் இல்லை. பின்கதவுக்கு உள்ளேயிருந்து ஓர் இரும்புப் பட்டை போட்டாயிற்று. பெரியப்பா வீட்டுப் பேரன் ஒருவன் கல்லூரிக்குப் போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறான்.

அப்பாவுக்குக் காதுக்கு மெஷின் வாங்கினோம். முதலில் மாட்டமாட்டேன் என்றார். ஈ பறந்தால் லாரி போகிற மாதிரி இருக்கிறது என்றார். இப்போது போன் மணி அடித்தால் எடுக்கிறார், நன்றாகவும் கேட்கிறது. ஆனால் எடுத்ததும் பேசமாட்டார். முதலில் ஒரு கேள்வி கேட்பார்.

"அம்மிணி, சின்னதுல நீ கெணத்துல போட்டுட்டு அழுதியே, அது என்ன?"

"செருப்புங்கப்பா. ஒத்தைச் செருப்பு."

"சரி, சொல்லு."

ஒவ்வொரு நாளும் வேறு கேள்வி. ஒரு முறை கேட்டதை மறுமுறை கேட்பதில்லை. சிலநேரம் எனக்கே வியப்பாக இருக்கும், இதையெல்லாம் இவர் எங்கே வைத்திருந்தார் என்று. சூப்பர்வைசர் முதலில் சிரித்தாள். பிறகு நான் போன் பேசும்போது அவளும் கைவேலையை நிறுத்திவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கத் தொடங்கினாள்.

போன வாரம், அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது கடைசியாகக் கேட்டுச் சாப்பிட்டது என்ன என்று கேட்டார். அப்போது நான்தான் கூடவே இருந்தேன். ஆரஞ்சு என்றேன். இல்லை, ரசம் சாதம் என்றேன். "சரி, சொல்லு" வரவில்லை.

"அப்பா, நான்தானுங்கப்பா. மறந்துட்டேன். நெசமா மறந்துட்டேன்."

"நீங்க ஆருங்க?" என்றார் அப்பா, தெரியாதவர்களிடம் பேசும் அந்த மரியாதையான குரலில். போனை வைத்துவிட்டார்.

திரும்பத் திரும்ப அழைத்தேன். எடுக்கவில்லை. மறுநாள் காலை முதல் ஜீப்பைப் பிடித்து ஊருக்குப் போனேன். கேட்டருகே நின்று கூப்பிட்டபோது, அவர் கதவைத் திறக்காமல், சன்னல் வழியாக என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.